மூடுபனிக்குள் தண்ணீர்த் தொட்டி

2003 ஜூலை 12, சனிக்கிழமை காலை, ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் மீட்புக் குழுவின் தேர்வு நடந்தது. தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தால்தான் பிரான்வின் வழிகாட்டி ஆவாள். வரைபடத்தில் தொட்டியின் இடத்துக்கு அளந்தெடுத்த ஆயத்தொலை எண்களை ஜிபிஎஸ் கருவியில் இட்டு அவள் வந்து சேர்ந்த இடத்தில் மூடுபனி மட்டுமே மிதந்தது. உலகம் இன்னும் வரையப்படாததுபோல் இருந்தது.

"ஏம்மா, தொட்டிக்குக் கால் முளைச்சிருச்சா?" என்று சிரித்தான் தேர்வை நடத்திய ரஸ்ஸல்.

"சும்மா இருப்பா. நீ சிரிக்கச் சிரிக்கப் பனி கெட்டியாகுது" என்றவள், வரைபடத்தின் ஓரக் குறிப்பைப் படித்தாள். வரைபடம், இடங்களுக்கு எண் தரும் பழைய அளவுமுறையில் வரையப்பட்டது; கருவியோ புதிய முறையில் இயங்கியது. ஒரே இடத்தின் எண்கள் புதிய முறையில் இருநூறு மீட்டர் வடகிழக்கே தள்ளி அமையும் என்றது குறிப்பு. பழைய எண்களை நம்பியதால் தென்மேற்கே இருநூறு மீட்டர் விலகி நிற்கிறோம் என்று புரிந்துகொண்டு, வடகிழக்கே நடந்தாள். பனிக்குள்ளிருந்து தொட்டி மெல்லத் திரண்டு வந்தது.

பிரான்வின் வழிகாட்டியாக ஏற்கப்பட்டாள். இனிக் கருவியை வரைபடத்தின் அளவுமுறைக்கு மாற்றிய பிறகே புறப்படுவது என்றும் குழு முடிவு செய்தது.