கை எட்டும் தூரம்

தேரடித் தெருவில் இருந்த அந்தக் கடைக்கு அவர்கள் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. விமல்ராஜ் நான்காவது குழந்தைக் கட்டிலின் முன் மண்டியிட்டு, மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தான். இரண்டு விரல் உள்ளே போனது. எழுந்து தலையை ஆட்டினான். நந்தினி எட்டு மாத வயிற்றோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல இன்னா சார் குறை? ஜாஸ்தி போறதே இதான்” என்றாள் கடையில் வேலை செய்யும் வினோதினி.

“கேப் இருக்குதும்மா. மூஞ்சி அதுல மாட்டிக்கும்.”

ஐந்தாவது கட்டிலில் ஒரு பக்கக் கம்பியைக் கீழே இறக்கிவிடலாம். பெரியவர்கள் படுக்கும் கட்டிலோடு ஒட்டி நிறுத்தி, பெல்ட்டால் இறுக்கிக் கட்டிவிட்டால் அசையாது. வீட்டுக் கட்டிலின் உயரத்தைக் காகிதத்தில் குறித்து வந்திருந்தான். சரியாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். ஆடவில்லை. வினோதினி சந்தோஷமாகப் பஞ்சுத் தலையணையும் கம்பிகளை உள்பக்கமாக மறைக்கும் பூப்போட்ட சுற்றுமெத்தையும் கொண்டுவந்து வைத்தாள். இனாமாம். அவன் அவற்றை அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

“தலகாணி வேணாம்மா. ஒண்ணுமே வேணாம். மெத்தை மட்டும் போதும்.”

“இவ்ளோ பார்க்கறீங்களே, மொதக் கொழந்தைங்களா சார்?”

“ரெண்டாவது.”

“அப்ப மொதக் கொழந்தைக்கு வாங்கினது இருக்குமே?”

“அதுக்கு வாங்கலம்மா. பக்கத்துல போட்டுக்கினு படுத்தேன். என் கை மேல பட்டு…”

வினோதினியின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. அவள் நந்தினியைப் பார்த்தாள். நந்தினி தரையைப் பார்த்தாள்.

கவிநிலா முப்பத்தி நாலு நாள் இருந்தாள். அப்போது நந்தினி கீழ்பென்னாத்தூரில் அம்மா மணியம்மாள் வீட்டில் இருந்தாள். விமல்ராஜ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவான். அந்த ஒரு ஞாயிறு மட்டும் மழை பிடித்துக்கொள்ளவே தங்கிவிட்டான். மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்க அவனுக்கு அத்தனை ஆசை. விடியற்காலையில் நந்தினி போட்ட அலறலில் மணியம்மாள் ஓடிவந்தபோது, குழந்தை அவனுடைய முழங்கையை ஒட்டி நீலம் பாரித்துக் கிடந்தது. “பச்சப்புள்ள பக்கத்துல ஆம்பள படுக்கலாமா?” என்று மணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். எப்படி ஆயிற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஊர் உறுதியாகச் சொன்னது. விமல்ராஜும் அதையே நம்பினான். மூன்று வருடமாகக் கட்டிலில் ஏறாமல் தரையில்தான் படுக்கிறான்.

நடந்தது நந்தினிக்கு மட்டும்தான் தெரியும். நாலு மணிக்குக் குழந்தை அழுதது. உட்கார முடியாத அசதி. படுத்தபடியே மார்பில் போட்டுக்கொண்டாள். எப்போது கண் செருகியது என்று தெரியாது. விழித்தபோது குழந்தையின் முகம் அவள் மார்புக்கு அடியில் இருந்தது. மூக்கு நசுங்கியிருந்தது. அவள் உடனே கத்தவில்லை. குழந்தையை மெதுவாகத் தூக்கி நடுவில், அவன் பக்கமாகக் கிடத்தினாள். ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டினாள். அதற்கப்புறம்தான் கத்தினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று இன்றுவரை அவளுக்கே விளங்கவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்தே நாட்கள் போய்விட்டன.

வேங்கிக்கால் வீட்டுக்கு மத்தியானம் கட்டில் வந்து இறங்கியது. விமல்ராஜ் சாப்பிடக்கூட உட்காராமல் அதை மாட்டினான். பெல்ட்டை இழுத்து முடிந்து, கம்பியை இறக்கினான். அந்தக் கட்டிலின் திறந்த பக்கம் நந்தினி படுக்கும் இடத்தைப் பார்த்து இருந்தது.

“நான் ஹால்லயே படுத்துக்கறேன். கொழந்தை நடக்கற வரைக்கும் இந்த ரூமுக்குள்ள படுக்க மாட்டேன். நீ பயப்படாத” என்றான்.

நந்தினி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“ஏங்க. அது உங்க கை இல்ல.”

அவன் நிமிர்ந்தான்.

“நான்தான். பால் குடுத்துக்கினே தூங்கிட்டேன். என் மாருக்கு அடியில இருந்துச்சு. நான்தான் எடுத்து உங்க பக்கத்துல போட்டேன்.”

விமல்ராஜ் வந்து அவள் காலடியில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் நெற்றியை வைத்து அழுதான்.

“எனக்காக நீ இப்டி சொல்லணுமா? உன் மேல பழிய போட்டுக்கினு என்னைத் தேத்தணுமா?”

“இல்லீங்க, நிஜமா…”

“நிஜமா இருந்தா டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருப்ப. உங்கம்மா என்னை அவ்ளோ பேசினப்ப சொல்லியிருப்ப. மூணு வருஷம் பார்த்துக்கினு இருப்பியா நீ? எனக்கு உன்னைத் தெரியாதா?” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இனிமே இத வாயால சொல்லாத. வயித்துல இருக்கறதுக்குக் கேக்கும்.”

அவள் அவன் தோளைப் பிடித்தாள்.

அவன் எழுந்து சமையலறைக்குப் போனான். ஒரு துணிப்பையில் மூன்று கிலோ அரிசியைக் கட்டிக் கொண்டுவந்து, குழந்தைக் கட்டிலின் நடுவில் கிடத்தினான். தள்ளிப் பார்த்தான். உருளவில்லை.

“படுத்து, கை எட்டுதா பாரு.”

நந்தினி ஒருக்களித்துப் படுத்தாள். கையை நீட்டினாள். எட்டியது. துணி வழியாக அரிசி சில்லென்றிருந்தது. அவன் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு ஹாலுக்குப் போனான். பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. அவள் கையை இழுத்துக்கொண்டாள். பையில் அவளுடைய ஐந்து விரல்களும் பதிந்த குழி, மேலெழும்பாமல் அப்படியே இருந்தது.