தம்பியின் சுபாவம்

என் தம்பிக்கு வாய் என்று ஒன்று இருப்பதே சாப்பிடும்போதுதான் தெரியும். ஒருமுறை கடைக்காரர் இரண்டும் இடது கால் செருப்பாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, தேய்கிற வரைக்கும் அதையே போட்டு நடந்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டு வாய் மொத்தத்தையும் நான் வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டேன்.

அவன் வேலைக்குப் போன இடத்தில் ஸ்பானிஷ் பேசுவார்கள். மீன் பதப்படுத்தும் கிடங்கு. அங்கே இவனை எல்லார் முன்னாலும் திட்டுகிற மேஸ்திரி ஒருவர் இரும்புப் படியிலிருந்து விழுந்து செத்துப்போனார். பக்கத்தில் நின்றவன் இவன் ஒருவன்தான். போலீஸ் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டிருக்கிறான். ‘நான் தள்ளவில்லை’ என்று சொல்ல அவனுக்கு மறுநாள் ஆகியிருக்கிறது. குற்றமில்லாதவன் ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்கிறார்கள். செருப்புக் கதை தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

அவனுடைய சுபாவம் பற்றி வீட்டார் கோர்ட்டில் வீடியோ வழியாகப் பேசலாம் என்று அங்குள்ள வக்கீல் சொன்னார். முதலில் அவர்கள் பிடித்துவந்த மொழிபெயர்ப்பாளருக்கு நம் பாஷையே தெரியவில்லை, எதற்கெடுத்தாலும் தலையாட்டினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நானே ஸ்பானிஷில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அப்போது எனக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது.

போனில் பாடம் எடுத்த டீச்சர் என்னைவிடச் சின்னவள். வகுப்பில் மற்றவர்கள் சுற்றுலா போகக் கற்றுக்கொண்டார்கள். ‘உங்கள் குடும்பத்தில் ஒருவரை வர்ணியுங்கள்’ என்ற பாடம் வந்தபோது அவர்களுக்கு விளையாட்டாக இருந்தது. நான் துணிக்கடையில் கஜக்கோலை வைத்து அளந்துகொண்டே, மி எர்மானோ எஸ் டீமிதோ, என் தம்பி கூச்சக்காரன் என்று முணுமுணுப்பேன். கயாதோ என்றால் அமைதியானவன். “எனக்கு என்னம்மா மந்திரம் போடுறே?” என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார்.

ஆனால் அந்தச் சொற்கள் எனக்குப் போதவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிற சான்றிதழ் போலிருந்தன.

“மனசுக்குள்ளேயே வச்சுக்கிறவன்னு சொல்லணும் டீச்சர். பொறுத்துப் போறவன், எதையும் வெளியே காட்டிக்காதவன். இதுக்கெல்லாம் சொல்லிக் கொடுங்க.”

“எதுக்குக்கா அவ்வளவு? டீமிதோ போதுமே.”

“உங்களுக்குப் போதும். எனக்குப் பத்தாது.”

சொல்லிக் கொடுத்தாள். வெறி பிடித்தவள் போல் படித்தேன்.

விசாரணை அன்று அம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையின் ஒரு மூலையில் தம்பி. இளைத்து, முகம் கறுத்திருந்தான். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனாலும் படித்ததைத் தடுமாறாமல் சொன்னேன். நீதிபதி அம்மாள் தலையசைத்தார். எங்கள் வக்கீல் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். நீதிபதி மெதுவாக, எனக்குப் புரியும்படி கேட்டார்: யாராவது அவமானப்படுத்தினால் உங்கள் தம்பி என்ன செய்வார்?

அம்மாவிடம் திருப்பிச் சொன்னேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

“அவனா? வாயில்லாப் பூச்சிம்மா அவன். யாரு என்ன சொன்னாலும் மனசுக்குள்ளேயே போட்டுக்குவான், மூச்சு விடமாட்டான். சின்ன வயசுல அவன் சித்தப்பா நாலு பேர் முன்னாடி அறைஞ்சாரு. பதிலுக்கு ஒரு வார்த்தை பேசலியே! அன்னைக்கிலேருந்து அவர் முகத்தையே பார்க்கலை. அவரு செத்தப்பகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. அவ்வளவு அழுத்தமான புள்ள. சொல்லுடி, நல்லாச் சொல்லு.”

நல்லாகத்தான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் சொல் இருந்தது. எல்லாவற்றையும் உள்ளே வைத்துக்கொள்வான் என்றேன். அவமானத்தை மறக்க மாட்டான், ஆனால் வெளியே காட்ட மாட்டான் என்றேன். சித்தப்பாவையும் சொன்னேன். கடைசி வரை மன்னிக்கவில்லை என்று, அம்மா சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அவ்வளவு கட்டுப்பாடு உள்ளவன் என்று காட்டத்தான்.

எதிர்த் தரப்பு வக்கீல் பேனாவை எடுத்தார். கடைசி வாக்கியத்தைத் திரும்பச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். இன்னும் தெளிவாகச் சொன்னேன்.

தம்பி நிமிர்ந்தான். அத்தனை பேர் முன்னால் அவன் வாய் திறந்து நான் பார்த்தது அன்றுதான்.

“அக்கா, போதும்க்கா.”

“நீ சும்மா இருடா, அக்கா பேசறால்ல!” என்றாள் அம்மா.

திரை அணைந்த பிறகு நம் வக்கீல் போன் செய்தார். இனி வீட்டார் யாரும் பேச வேண்டாம் என்றார். பிறகு, என் ஸ்பானிஷ் மிக நன்றாக இருந்தது, அங்கே எல்லாருக்கும் புரிந்தது என்றார். அவர் சொன்னது எனக்கும் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

“என்னடி சொன்னாரு?” என்று அம்மா என் கையைப் பிடித்தாள்.