நாற்பது காசு, பதிமூன்று ரூபாய்

வேலுத்தாய் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். 1987-இல் அவள் புருஷன் சேதுபதி, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மெஷினில் சிக்கிச் செத்துப்போனான். எட்டாவது பாஸ் பண்ணினால் ஆபீஸில் அட்டெண்டர் வேலை தருவதாக மானேஜர் சொன்னார். தனியாகப் பரீட்சை எழுதப் பணம் கட்டினாள்.

பக்கத்து வீட்டு ஜெயபாய், டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். அவள்தான் பாடம் சொன்னாள். நாணயக் கணக்கு மட்டும் வேலுத்தாய்க்கு ஏறவே இல்லை.

“உண்டியல்ல இருபத்தஞ்சு பைசாவும் அம்பது பைசாவுமா நாப்பது காசு. மொத்தம் பதிமூணு ரூபா. எது எத்தனை?”

“ஒடச்சு எண்ணிட்டாப் போவுது.”

ஜெயபாய் சிரித்தாள். புருஷன் போனபிறகு முதல் தடவையாக வேலுத்தாயும் சிரித்தாள்.

“நாப்பதும் இருபத்தஞ்சு பைசான்னு வச்சுக்கோங்க அக்கா. எம்புட்டு?”

“பத்து ரூபா.”

“மூணு ரூபா கொறையுதுல்ல? ஒரு காச எடுத்துட்டு அம்பது பைசா போட்டா, கால் ரூபா கூடும்.”

வேலுத்தாய் விரல் விட்டாள். “அப்ப பன்னெண்டு காச மாத்தணும். அம்பது பைசா பன்னெண்டு, மத்தது இருபத்தெட்டு!”

ஸ்ரீவில்லிபுத்தூரில் பரீட்சை. அதே மாதிரிக் கணக்கு வந்தது. சரியாகப் போட்டாள். பாஸானாள்.

சர்டிபிகேட்டோடு மில்லுக்குப் போனாள். மானேஜர் அவளை விழித்துப் பார்த்தார்.

“அந்த வேலைய உன் கொழுந்தன் சங்கிலிப்பாண்டிக்குக் குடுத்தாச்சேம்மா. நீ வேற கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டதா உன் மாமியார் வந்து சொன்னாங்க.”

“நான் இங்கனதான சார் இருக்கேன்.”

“இனி அவனை நிப்பாட்ட முடியாதும்மா.”

அங்கிருந்தே சேத்தூருக்கு பஸ் ஏறினாள். மாமியார் அங்காளம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சங்கிலிப்பாண்டி காக்கிச் சட்டையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

“அவிய செத்தன்னைக்கு என் தாலியக் கழட்டுனது நீங்கதான அத்தை? நான் கல்யாணம் பண்ணிட்டேன்னு சொல்ல எப்படி வாய் வந்துச்சு?”

அங்காளம்மாளின் கை நின்றது.

“எனக்குக் கஞ்சி ஊத்தப்போறது அவந்தான், ஏட்டி. நீ என்னைக்கிருந்தாலும் போயிருவ” என்றாள். பிறகு மறுபடி புடைத்தாள்.

வேலுத்தாய் வந்த வழியே திரும்பினாள்.

அடுத்த வாரம் பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனியில் தினக்கூலிக்குச் சேர்ந்தாள். பத்தாவதும் எழுதிப் பார்க்கச் சொன்னாள் ஜெயபாய்.

“எதுக்குத்தா?” என்று கேட்டுவிட்டு, வேலுத்தாய் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தாள்.