வெர்னல் டகெட் கொடுத்த வாக்கு

ஸ்டேடிய வரிக்கான வாக்கெடுப்புக்கு முந்தின ஞாயிறு, ஹங்கேரியர் தெருவின் மாதா கோயில் மண்டபத்தில் முட்டைக்கோஸ் சுருள் விருந்து. சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னல் டகெட் பேசப் போகிறார் என்று சொல்லியிருந்தார்கள்.

டொலீடோ நகரத்து அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நாரைகள் என்று பெயர். அதில் பத்து வருடம் ஐம்பத்து நாலாம் எண் சட்டை போட்டு, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறவர்களை முட்டிச் சாய்ப்பதையே தொழிலாகச் செய்தவர் வெர்னல். முழங்கால் இரண்டும் போன பிறகு மற்ற ஆட்டக்காரர்களைப் போல வெயிலடிக்கும் ஊராகப் பார்த்துப் போய்விடவில்லை. மேவிஸ் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியையைக் கட்டிக்கொண்டு, டயர் கடை ஒன்றைப் போட்டு, குளிர்காலத்தில் எல்லாரையும் போல வாசலில் பனி வாரிக்கொண்டு இங்கேயே இருந்துவிட்டார். அதனால் ஊருக்கு அவர்மேல் தனி வாஞ்சை.

மேடைப் பேச்சு அவருக்கு வராது. ஒலிபெருக்கியை உடைந்துவிடும் பொருளைப் போலப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டேடியத்தைப் புதுப்பிச்சுக் குடுத்தா டீம் இங்கயே இருக்கும். ஹால்க்ரோ என் முகத்தைப் பாத்துச் சொன்னாரு. வரி கொஞ்சம் ஏறும், இல்லேங்கல. ஆனா நாரைங்க எங்கயும் போகாது. அதுக்கு நான் பொறுப்பு."

ப்ரெஸ்டன் ஹால்க்ரோ அணியின் முதலாளி. அப்பா சம்பாதித்த சொத்தாக அணி அவருக்கு வந்திருந்தது. வெர்னலை அறைக்குக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, "எங்கப்பாவை இந்த மண்ணுலதான் பொதைச்சிருக்கேன், வெர்னல். நான் எங்க போவேன்?" என்று கேட்டிருந்தார். வெர்னலுக்கு அது போதும். அப்பனைப் புதைத்த மண்ணை வைத்து ஒருவன் பொய் சொல்லுவான் என்று அவருக்குத் தோன்றவில்லை.

மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து முதலில் கை தட்டியவர் லாசி பெர்க்கி. கண்ணாடித் தொழிற்சாலைச் சங்கத்தின் தலைவர், வெர்னலின் இருபது வருடச் சிநேகிதர். அடுத்த இரண்டு நாளும் சங்கத்து ஆட்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். ஆலை பாதி மூடிக் கிடந்த நேரம். "எங்க காசுல பணக்காரனுக்கு மாளிகையா?" என்று கேட்டவர்களிடம் லாசி ஒரே பதில்தான் சொன்னார்: "ஹால்க்ரோவை நம்ப வேணாம்யா. வெர்னலை நம்புறியா இல்லியா?"

நம்பினார்கள். வரி மயிரிழையில் ஜெயித்தது.

அடுத்த பிப்ரவரியில் ஒரு நாள் காலை, டயர் கடையில் நாலைந்து பேர் காப்பி குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூலையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஹால்க்ரோ வந்தார். தலையில் அகலத் தொப்பி. பக்கத்தில் யாரோ ஒரு மேயர். பின்னால் முள்ளுச்செடியும் மொட்டை மலையும். நாரைகள் இனிமேல் அரிசோனாவில் டூசான் நகரத்து நாரைகள் என்று அறிவித்துவிட்டுச் சிரித்தார். அங்கே புதிய மைதானம் கட்டப் போகிறார்களாம், அதுவரை இரவல் மைதானமாம்.

வெர்னலின் கையில் ஒரு சக்கரம் இருந்தது. அதைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

இலோனா டாகாச் என்ற விதவை முதலில் எழுந்தாள். அவள் கார்தான் மேலே தூக்கி நிறுத்தியிருந்தது.

"என் பழைய டயரையே மாட்டிக் குடு வெர்னல்."

"இலோனா, அது வழவழன்னு தேஞ்சு போச்சு. பனியில வழுக்கும்."

"வழுக்கட்டும். நீ பொறுப்பு எடுத்துக்கிட்டதுல நான் வழுக்கி விழுந்தது போதும்."

மாட்டிக் கொடுத்தார். மற்றவர்களும் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்று மத்தியானமே வெர்னல் அணி அலுவலகத்துக்குப் போனார். பட்டப்பகலில் வண்டிகளில் சாமான் ஏறிக்கொண்டிருந்தது: தலைக்கவசங்கள், எடைக்கட்டிகள், சுவரில் மாட்டியிருந்த பழைய படங்கள். வாசற்காவலர்கள் அவரைத் தடுக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. ஹால்க்ரோ ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தொலைபேசியில் கிடைத்தார்.

"நான் உன்கிட்ட பொய் சொல்லல வெர்னல். அன்னிக்கு மனசுல இருந்ததைத்தான் சொன்னேன். அப்புறம் நெலமை மாறிடுச்சு."

"உங்கப்பா இங்கதானே கெடக்காரு?"

"அவருக்கு அங்கத்துக் குளிர் எப்பவுமே ஆகாது," என்று சொல்லிச் சிரித்தார் ஹால்க்ரோ. அந்தச் சிரிப்பு வெர்னலின் காதைவிட்டு வெகுநாள் போகவில்லை.

ஊர் அவரை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். கடைக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். மளிகைக்கடையில் ரசீதைப் பார்த்து வரி என்று யாராவது முனகினால், பின்னால் நின்ற வெர்னல் தலையைக் குனிந்துகொள்வார். வசந்தத்தில் சங்கத் தேர்தல் வந்தது. லாசி தோற்றார். எதிராளி பெரிய பிரசாரம் ஒன்றும் செய்யவில்லை. காலி மைதானத்தின் படத்தை ஆலை வாசலில் ஒட்டி வைத்தான், போதுமானதாக இருந்தது.

அந்த லாசி மட்டும் வெர்னலை விடவில்லை. மதுக்கடையில் பக்கத்து நாற்காலியைக் காலியாக வைத்திருப்பார். கசப்பைக் கேலியாக்கித்தான் பேசுவார்.

"ஏம்ப்பா, தண்ணியே இல்லாத ஊருல நாரைக்கு என்னய்யா வேலை? பல்லி புடிச்சுத் திங்குமா?"

"பேரை மாத்தலாம்ல," என்பார் வெர்னல்.

"அதுக்கும் அவனுக்கு மனசு வரல பாரு. பேரையும் சேத்துல்ல தூக்கிட்டுப் போயிட்டான்."

ஆகஸ்டில் டூசானிலிருந்து அழைப்பு வந்தது. முதல் ஆட்டத்தன்று, ஆட்டம் தொடங்கும் முன், ஐம்பத்து நாலாம் எண்ணை இனி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அறிவித்து வெர்னலைக் கௌரவிக்கப் போகிறார்களாம். நாடு முழுவதும் ஒளிபரப்பு.

"போகாதே," என்றாள் மேவிஸ். "அவனுக்கு உன் மூஞ்சி வேணும். போன தடவையும் அதுதான் வேணும்னான்."

ஆனால் வெர்னலுக்கு வேறு ஒரு எண்ணம் முளைத்திருந்தது. லாசியிடம் மட்டும் சொன்னார். "கையில மைக்கைக் குடுப்பாங்க. ஒரு நிமிஷம் கிடைக்கும். இது திருட்டு டீம், டொலீடோ ஏழைங்க வயித்துல அடிச்சுத் தூக்கிட்டு வந்ததுன்னு சொல்லிடறேன். அவன் பக்கத்துல நிக்கறப்பவே."

லாசி கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். மாதக்கணக்கில் காணாத வெளிச்சம் அந்த முகத்தில்.

"நெசமாவா சொல்றே?"

"நெசமா."

"சொல்லிட்டு வாடா ராசா. ஊரையே இங்க கூட்டி உக்கார வைக்கிறேன்."

சொன்னபடியே செய்தார். ஆட்டம் நடந்த ஞாயிறு மதுக்கடையில் நிற்க இடமில்லை. இலோனா டாகாச்கூட வந்திருந்தாள் என்று வெர்னல் பிற்பாடு கேள்விப்பட்டார்.

டூசானில் வெயில் நெருப்பாகக் காய்ந்தது. மைதானத்துக்குப் போகும் வழியில் குழாய் வேலை செய்யும் ரமீரோ கிஹாதா என்பவர் வெர்னலை அடையாளம் கண்டு ஓடி வந்தார். அவரும் அவர் மகளும் புத்தம்புது ஐம்பத்து நாலு சட்டை போட்டிருந்தார்கள், மடிப்புகூடக் கலையவில்லை.

"ஐயா, உங்க பழைய ஆட்டமெல்லாம் தேடித் தேடிப் பாத்தேன். எங்கப்பா காலத்துலேருந்து எங்க ஊருக்கு ஒரு டீம் வராதான்னு ஏங்கிட்டிருந்தோம். இங்க எவனும் எட்டிப் பாக்கமாட்டான். நீங்க வந்திருக்கீங்களே!"

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஆளை வெறுக்க வெர்னல் முயன்று பார்த்தார், முடியவில்லை. டொலீடோவில் தன்னிடம் கையெழுத்து வாங்க வந்த முகங்களும் இதே முகங்கள்தான்.

மைதானத்தின் நடுவே அவரை நிறுத்தினார்கள். பெயரைத் தப்பாக உச்சரித்தார்கள். இருந்தும் கூட்டம் மொத்தமாக எழுந்து நின்றது. அந்தச் சத்தம் காலடி மண்ணிலிருந்து ஏறி, செத்துப்போன முழங்கால்களுக்குள் புகுந்து, நெஞ்சுக்கு வந்தது. பிப்ரவரியிலிருந்து ஊரில் லாசியைத் தவிர ஒருவர்கூட அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. இங்கே முன்பின் தெரியாத ஐம்பதாயிரம் பேர் அவருக்காக நின்றுகொண்டிருந்தார்கள். ஹால்க்ரோ ஒலிபெருக்கியை நீட்டினார். வெர்னல் வாங்கிக்கொண்டார். சொல்ல வேண்டிய வார்த்தைகள் நாக்கின் நுனியில்தான் இருந்தன. விமானத்தில் முழுக்க மனப்பாடம் செய்தவை. வாயைத் திறந்தார்.

"ரொம்ப நன்றி," என்றார். கூட்டம் இன்னும் காத்திருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. "எங்க நாரைங்களை நல்லாப் பாத்துக்கங்க."

ஹால்க்ரோ அவர் தோளில் கை போட்டார். படக்கருவிகள் அதைப் பிடித்தன. அந்தப் படத்தில் வெர்னல் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ஊர் திரும்பியதும் மேவிஸ் சூப் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டுப் பள்ளித் தாள்களைத் திருத்த உட்கார்ந்தாள். மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே லாசி வாசலில் நின்றிருந்தார்.

"மைக் வேலை செய்யலியா?"

"செஞ்சுது."

"அப்புறம்?"

"எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க லாசி. எனக்கு... வாய் வரல."

"வாய் நல்லாத்தானே வந்துச்சு. நல்லாப் பாத்துக்கங்கன்னியே, காதாரக் கேட்டோம்." லாசியின் குரல் உயரவே இல்லை. "யாரு பெத்த பொண்ணை யாருக்குடா தாரை வார்த்தே? கோயில் மண்டபத்துல சொன்னப்ப நீ ஏமாந்தவன். நான் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். எம்மேல எச்சில் துப்பினவங்கிட்டகூட. இனிமே என்ன சொல்ல?"

லாசி போய்விட்டார். மதுக்கடையின் பக்கத்து நாற்காலியில் அன்று முதல் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

மைதானத்தை இடித்தார்கள். வரியை மட்டும் நிறுத்த முடியாதாம், ஸ்டேடியத்துக்காக வாங்கின கடன் ஒப்பந்தம் அப்படியாம். வெர்னல் டயர் கடையை ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, அதே கடையில் கூலிக்கு நின்றார். புதிதாக வந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. அது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மூன்றாவது வருடம் நாரைகள் இறுதி ஆட்டத்துக்கு வந்தன. டொலீடோவில் இருந்த காலமெல்லாம் ஒரு தடவையும் எட்டாத இடம். பார்க்கக் கூடாது என்றுதான் வெர்னல் இருந்தார். மேவிஸ் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். தொலைக்காட்சியைப் போட்டார், சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டார், ஜன்னல் திரையை இழுத்து விட்டார். கடைசி நிமிடத்தில் நாரைகளின் ஒரு பையன் எதிராளியின் பந்தை நடுவானில் பறித்துக்கொண்டு ஓடினான். தான் எழுந்து நிற்பதும், வலிக்கும் முழங்காலோடு குதிப்பதும், கத்துவதும் வெர்னலுக்குச் சிறிது நேரம் கழித்துத்தான் தெரிந்தது. சட்டென்று உட்கார்ந்தார். திரையில் ஹால்க்ரோ கோப்பையைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

தொலைபேசி அடித்தது.

"பாத்தியா?" லாசியின் குரல். இத்தனை காலத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

வெர்னல் தயங்கினார். "பாத்தேன்."

மறுமுனையில் வெறும் மூச்சுச் சத்தம். அந்த மூச்சிலும் இரைப்பு இருந்தது, கத்தி ஓய்ந்தவனின் இரைப்பு.

"நாசமாப் போவ," என்றார் லாசி. ஹால்க்ரோவைச் சொன்னாரா, வெர்னலைச் சொன்னாரா, தன்னையே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. போனை வைத்துவிட்டார்.