மின் கட்டணம் பேசப் போன கதை

எங்கள் நிதியமைச்சர் தாரியோடு நானும் போனேன். மின் கட்டணத்தை உயர்த்த எம்.பி. பர்ராக்கின் ஆதரவு வேண்டும். குவைத்தே வெயிலில் வெந்துகொண்டிருக்க, விருந்தினரைச் சந்திக்கும் அவர் வீட்டுக் கூடமான திவானியாவில் ஏ.சி. குளிருக்கு ஆளாளுக்குக் கம்பளி அங்கி போர்த்தியிருந்தார்கள்.

"எண்ணெய் விலை ஏறிக் கெடக்கு, கஜானா நெறஞ்சிருக்கு. இப்ப எதுக்கு சனத்து மேல கை வைக்கிறீங்க? விலை எறங்கட்டும், பேசலாம்" என்றார் பர்ராக்.

"போன வருஷம் எறங்குனப்பவும் வந்தேனே, அபூ நாசர். சனமே நொந்து கெடக்கு, ஏறட்டும் பாக்கலாம்னீங்க" என்றார் அமைச்சர், பர்ராக்கை மரியாதையாக மகன் பெயரால் அழைத்து.

"அப்ப அதான் நியாயம். இப்ப இதான் நியாயம்."

"அப்ப நான் எப்பத்தான் வர்றது?"

"எப்ப வேணா வாங்க, இது உங்க வீடு. கட்டணப் பேச்ச மட்டும் செருப்போட வாசல்ல விட்டுட்டு வாங்க."

வெளியே வந்த அமைச்சர் பல்லைக் கடித்தார். "ஒரு ஏ.சி.ய அணைக்க மனசு வராது. இவங்கள வச்சுக்கிட்டு நாடு எங்க உருப்படும்?"

வாசலில் எங்கள் கார் ஆளில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே போனதிலிருந்தே அப்படித்தான். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். கதவைத் திறந்ததும் சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. அமைச்சர் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"நம்ம டிரைவருக்காவது பொறுப்பு இருக்கு" என்றார். "வண்டிய அணைக்காம வச்சிருக்கான் பாரு."