பதினொரு வட்டம்

"தொடுடீ. கடைசியா ஒரு தபா தொட்டுப் பாத்துக்கோ."

தங்கம் கன்னியம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் வைக்கப் போனாள். கன்னியம்மா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரோரமாகப் போய்ப் பக்கத்து வீட்டு பிளக்கில் சொருகியிருந்தது. பெட்டி வந்ததிலிருந்து அவள் ஏழுமலையின் முகத்தைப் பார்த்ததைவிட அந்த ஒயரைப் பார்த்ததுதான் அதிகம்.

"கட்ன புருசனத் தொட இன்னாடி பயம் உனுக்கு? அவன் இன்னா பேயா?"

"உடு தங்கம். கண்ணெதுர்ல கரண்டு அடிச்சிப் பாத்தவ" என்றாள் எதிர்வீட்டு சுப்பம்மா.

ஏழுமலை போனது நேற்று, வெள்ளிக்கிழமை காலை. வெள்ளம் வந்தால் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க அடையாற்றுக் கரையில் மரம் நடுகிறார்கள். நடுவதற்கு ஞாயிற்றுக்கிழமை ஜனம் வரும். அதற்கு முன்னால் குழி வெட்டிவைப்பது ஏழுமலை, அவன் பெண்சாதி கன்னியம்மா, அவன் அக்கா தங்கம் மூன்று பேர் வேலை. நாலாவது குழியில் ஏழுமலையின் கடப்பாரை பூமிக்குள் கிடந்த கரண்டு கேபிளில் இறங்கியது. டப்பென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். இன்று மத்தியானம் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்தார்கள்.

கேபிள் எப்படிக் குழிக்குள் வந்தது என்று யாருக்கும் விளங்கவில்லை. எங்கே வெட்ட வேண்டும் என்று சுண்ணாம்பில் வட்டம் போட்டுக் கொடுத்தது மரம் நடும் கூட்டத்தை நடத்துகிற தாரணி. கேபிள் போகிற வழியை மேப்பில் பார்த்து, டேப் பிடித்து, நாலடி தள்ளித்தான் போட்டிருந்தாள். அந்த ஓரிடத்தில் மட்டும் கேபிள் வளைந்திருக்கும் என்று கரண்டு ஆபீஸிலிருந்து வந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். அறுந்ததை ஒட்டி, மறுபடி கரண்டு விட்டுவிட்டுப் போனார்கள்.

வளையவில்லை. அது கன்னியம்மாவுக்கு மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் தாரணி வட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினாள். ஏழுமலையும் தங்கமும் டீ குடிக்கப் போனார்கள். வட்டம் விழுந்த இடமெல்லாம் இடித்துக் கொட்டின கட்டடக் கப்பி. கடப்பாரையைப் போட்டால் எகிறித் திரும்பி வந்தது. ஏழுமலைக்குப் போன மாதமே தோள் விட்டுப்போயிருந்தது. சோற்றுக்கையை இடது கையால் தாங்கித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னியம்மா அங்கங்கே குத்திப் பார்த்தாள். நாலடி இந்தப்பக்கம், கரை நீளத்துக்கு ஒரு பட்டை மாதிரி மண் பொதபொதவென்று இருந்தது. பதினொரு வட்டத்தையும் காலால் தேய்த்து அழித்தாள். சாக்கில் மிச்சமிருந்த சுண்ணாம்பை அள்ளி, இளகின மண்ணில் புதிதாகப் போட்டாள். வரிசை பிசகாமல் போட்டாள். நடுகிறவர்களுக்கு வரிசை நேராக இருந்தால் போதும். குழி வெட்டுகிறவர்கள் யாரும் செய்யாத காரியம் இல்லை அது.

இளகின மண் என்றால் யாரோ முன்பே தோண்டி மூடின மண். பத்து வயதிலிருந்து மண் சுமக்கிறவளுக்கு இதை ஒருவர் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கு அவள் அவன் தோளை மட்டும்தான் நினைத்தாள்.

"மண்ணு அல்வா கணக்கா கீது கன்னி. மத்தியானமே வூட்டுக்குப் பூடலாம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் அவன் நாலாவது குழியில் நின்றான்.

தாரணி மாலையோடு வந்தாள். பெட்டியின் மேல் வைத்துவிட்டுக் கன்னியம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, நாளைக்கு வேணாம்னுதான் நெனச்சோம். அப்புறம் எல்லாரும் பேசி, அண்ணன் விட்டுட்டுப் போன வரிசையை நாங்களே வெட்டி முடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டோம். அவர் பேர்ல. ஸ்கூல் பசங்களும் வராங்க."

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாத்துல வெட்டுவீங்க?"

"கடப்பாரை எடுத்துட்டு வரச் சொல்லிருக்கோம். ஆறு மணிக்கு."

"கால்ல போட்டுக்கப் போவுதுங்க" என்றாள் தங்கம். "ஆனா மண்ணு பொதபொதன்னுதான் கீது. எந்தம்பியே சொன்னான். வெட்டிடும்ங்க."

கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். வாயைத் திறந்தால் புருசனைக் கொன்றவள். இன்னும் அரை மணியில் தூக்கிவிடுவார்கள். தெரு முழுக்க அவன் சனம். போலீஸ் இன்னொரு முறை வரும். தங்கத்தின் கை எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும்.

"வேணாம்மா" என்றாள். "வேற எடம் பாருங்க."

"ஏன்க்கா?"

"அவன் செத்த எடம்."

"அதனாலதான்க்கா அங்கயே செய்யறோம்." தாரணி அவள் முழங்கையைத் தடவிக் கொடுத்தாள். "பயப்படாதீங்க. அந்த வளைஞ்ச எடத்தைச் சுத்திக் கயிறு கட்டியாச்சு. மீதி வட்டமெல்லாம் கேபிளுக்கு நாலடி தள்ளி."

"தள்ளி இல்ல."

"மேப்ல பாத்துதான்…"

"நீ போட்ட எடத்துல இல்ல அது. கப்பியா இருந்திச்சு. நான்தான் அழிச்சி மாத்திப் போட்டேன். அல்லாம் கேபிள் மேலதான் கீது. புள்ளைங்கள வரச் சொல்லாத."

ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். தாரணி எழுந்தபோது அவள் மடியிலிருந்த போன் தரையில் விழுந்தது. எடுத்தாள். இரண்டு தரம் தப்பாக அழுத்தினாள். வாசலுக்கு ஓடினாள். "யாரும் வர வேணாம். எல்லாத்தையும் நிறுத்து. கேபிள் அதுக்கு அடியிலதான் போவுது. ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணு, இப்பவே" என்று அவள் கத்துவது உள்ளே கேட்டது.

சுப்பம்மா கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் நகர்ந்தாள்.

கன்னியம்மா தோளைக் குறுக்கிக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தாள். தங்கம் அசையவில்லை.

"எத்தினி மாத்துன?"

"பதினொண்ணும்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

தெருவில் பறை காய்ச்ச வைக்கோல் கொளுத்தினார்கள். புகை உள்ளே வந்தது.

"மொத ரெண்டு அவன் வெட்டுனான்" என்றாள் தங்கம் மெதுவாக. "மூணாவது யாரு?"

"நீதான் அண்ணி. அதுக்கு அடியிலயும் கேபிள்தான்."

தங்கம் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள். காய்ப்புக்கு நடுவே ரேகையில் நேற்றைய மண் அடைந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. திரும்பவும் தேய்த்தாள்.