ஓரகத்தியின் கடை

தொழில்முனைவுப் படிப்பில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவள் அந்த வீட்டுப் பெரிய மருமகள். படித்த இடத்திலேயே வேலையும் கிடைத்தது. சொந்தத் தொழில் தொடங்க நினைக்கும் மாணவர்களின் திட்டங்களைப் படித்து, எது தேறும், எது தேறாது என்று சொல்லும் வேலை. பெரும்பாலும் தேறாது என்றுதான் சொல்வாள்.

சின்ன மருமகள் வேலைக்குப் போகவில்லை. "எந்நேரமும் போனை நோண்டுறதுக்கு ஏதாவது படிக்கலாம்ல?" என்று அவளை அதே படிப்பின் மாலை வகுப்பில் சேர்த்துவிட்டவளே பெரியவள்தான்.

அந்த வருஷம் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தலைமாட்டை உயர்த்தக்கூடிய கட்டில் வாடகைக்குத் தேடிச் சின்னவள் ஊரெல்லாம் அலைந்தாள். கிடைக்காமல் விலைக்கே வாங்க வேண்டியதாயிற்று. மாமியார் எழுந்து நடமாடத் தொடங்கியதும் அந்தக் கட்டிலை அடுத்த தெருவில் ஒரு நோயாளிக்கு வாடகைக்கு விட்டாள். அதையே வகுப்புக்குத் திட்டமாகவும் எழுதினாள்.

பெரியவள் படித்துப் பார்த்துவிட்டு, "திரும்பி வர்ற கட்டிலைக் கழுவவே ஆள் பத்தாது. இது தேறாதும்மா" என்றாள்.

தேறியது. ஆஸ்பத்திரிக்கு எதிரே கடை, ஒரு வேன், கட்டில் பொருத்த ஆட்கள் என்று சின்னவள் மளமளவென்று வளர்ந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார், "எங்க சின்ன மருமக முதலாளி" என்பார். பிறகு நினைவு வந்தவராக, "பெரியவளும் படிச்சவதான்" என்பார். அந்த 'உம்' பெரியவளுக்கு முள்ளாகத் தைக்கும்.

பஸ்ஸில் போகும்போது அந்தக் கடையை எட்டிப் பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. கட்டில்கள் வாடகைக்குப் போகாமல் வரிசையாக நின்றால் மனம் குளிரும். ஊரில் யாருக்கும் நோயில்லை என்ற சந்தோஷம் அது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஒரு நாள் சின்னவளை மாணவர்களிடம் பேசப் பல்கலைக்கழகத்தில் அழைத்தார்கள். மைக் சரிபார்த்து, மேடையில் தண்ணீர் வைத்தது பெரியவள்.

"என்னை இந்தப் படிப்புல சேர்த்துவிட்டது எங்க அக்காதான்" என்று சின்னவள் கை நீட்டிக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பெருந்தன்மையிலும் இவள்தான் முந்த வேண்டுமா?

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து பெரியவளிடம் கேட்டாள்: "மேடம், நீங்களும் இதைத்தானே படிச்சீங்க? நீங்க ஏன் எதுவும் ஆரம்பிக்கல?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். வாய் கோணியது.

அந்த மாதமே வேலையை விட்டாள். ஊரின் மறுகோடியில் அவளும் கட்டில் வாடகைக் கடை போடப்போவதாகச் சொன்னபோது அவள் கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஒரே வீட்டுக்குள்ள ரெண்டு கடையா?"

"ரெண்டு மருமக இருக்கலாம், ரெண்டு கடை இருக்கக் கூடாதா?"

முதலில் ஈ ஓட்டினாள். பிறகு ஒவ்வொரு மருத்துவமனையாக ஏறி இறங்கினாள். கழுவுவதற்கென்றே தனி ஆள் வைத்தாள். கட்டில்கள் பளிச்சென்று போயின. வாடிக்கையாளர்கள் தேடி வந்தார்கள்.

ஒரு மாலை சின்னவள் பெரியவளின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்கிட்ட வழக்கமா எடுக்குற நர்சிங் ஹோம் உங்ககிட்ட வந்துட்டாங்களாமே?"

"அப்படியா? நான் ஒண்ணும் கூப்பிடலையே." மூன்று முறை நேரில் போய்க் கூப்பிட்டிருந்தாள்.

"கூப்பிட்டாலும் தப்பில்லக்கா" என்றாள் சின்னவள். உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் கண்ணாடியில் பார்த்த முகம்தான். கொஞ்சம் பாவமாக இருந்தது. நர்சிங் ஹோமை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு இல்லை.